பிடிமானமே இல்லாத அந்தரத்தில் உடல் எப்படித் திருகுகிறது?

2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில், சாங்ஜியாகோ மலைச்சரிவில் சீன வீரர் ச்சி குவாங்பு தாவிய தாவலை மெதுவாக ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். பின்பக்கமாக மூன்று குட்டிக்கரணம். அதற்குள்ளேயே, தலைமுதல் கால்வரை செல்லும் அச்சில் ஐந்து முழு முறுக்கு. 129.00 புள்ளிகளுடன் தங்கம் அவருக்குக் கிடைத்தது. இரண்டு நாள் முன்பு இதே இடத்தில் ஷு மெங்தாவ் மூன்று கரணமும் மூன்று முறுக்கும் போட்டுப் பெண்கள் பிரிவில் தங்கம் வென்றிருந்தார்.

ஃப்ரீஸ்டைல் பனிச்சறுக்கில் இந்தப் பிரிவுக்கு ஏரியல்ஸ் என்று பெயர். 1994 லில்லஹாமர் ஒலிம்பிக்கிலிருந்து இதற்குப் பதக்கம் தருகிறார்கள். வீரர் கையில் ஊன்றுகோல் கிடையாது. நேராகச் சறுக்கி வந்து, பனியால் கட்டிய வளைந்த மேடையில் ஏறி, ஏறக்குறைய 70 பாகைச் சாய்வில் வானை நோக்கி எறியப்படுகிறார்.

கரணத்துக்கான சுழற்சி மேடையிலேயே கிடைத்துவிடுகிறது. வளைவில் ஏற ஏற உடல் பின்பக்கமாகத் திரும்பத் தொடங்குகிறது. விளிம்பில் உடலை நீட்டிக் கைகளை உயர்த்தி அந்தச் சுழற்சியை அளவாகக் கூட்டிக்கொள்கிறார்கள். சறுக்குப் பலகைகள் பனியை விட்ட கணத்தில் கணக்கு மூடப்படுகிறது. ஈர்ப்பு விசை உடலின் நிறை மையத்தில் இழுக்கிறதே தவிர, உடலைச் சுழற்றுவதில்லை. காற்றின் தடை சிறிது. ஆகவே அந்தக் கணத்தில் உடலுக்குக் கிடைத்திருக்கும் கோண உந்தம், அதாவது சுழற்சியின் மொத்த இருப்பு, தரையிறங்கும்வரை மாறாது.

அப்படியானால் ஐந்து முறுக்கு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் கைகளிலிருந்து. இரண்டு கைகளும் தலைக்கு மேலே நீண்டிருக்கும்போது வீரர் ஒரு கையை மட்டும் பக்கவாட்டில் வீசிக் கீழே இறக்குகிறார். கை ஒரு பக்கம் சுழன்றால், மொத்தக் கணக்கு மாறாமலிருக்க உடல் எதிர்ப்பக்கம் சிறிது சாய்ந்தே ஆக வேண்டும். சாய்ந்த உடலின் நீள அச்சு இப்போது கரண அச்சுக்குச் செங்குத்தாக இல்லை. கரணத்தின் கோண உந்தத்தில் ஒரு சிறு பங்கு நீள அச்சின் வழியே விழுகிறது. நிமிர்ந்த உடலை நீள அச்சில் சுழற்றுவது, தலைகுப்புறச் சுழற்றுவதைவிடப் பல மடங்கு எளிது. அதனால் அந்தச் சிறு பங்கே உடலை வேகமாகத் திருகிவிடுகிறது. முறுக்கை நிறுத்த வேண்டுமானால், சரியான கணத்தில் கைகளை மீண்டும் சமமாக்கிச் சாய்வை அழித்தால் போதும். முறுக்கு நின்றுவிடும், கரணம் தொடரும்.

காலில் மாட்டிய பலகைகள் இந்த முறுக்குக்குத் தடைதான். முன்னும் பின்னும் நீண்டு நிற்பதால் அவை உடலின் நிலைமத் திருப்புத்திறனை, அதாவது சுழற்றுவதற்கு உடல் காட்டும் எதிர்ப்பை, கூட்டுகின்றன. மலையிறக்கப் பந்தயத்தில் ஆண்களின் பலகை 2 மீட்டரைத் தாண்டும். ஏரியல்ஸ் வீரர்களுடையது அதைவிட மிகவும் குட்டை.

ஒரே பெரிய மேடையிலிருந்து தாவிச் சாகசம் காட்டும் பிக் ஏர் என்ற இன்னொரு ஃப்ரீஸ்டைல் போட்டியில் கதை வேறு. அதே 2022 ஒலிம்பிக்கில் சீன வீராங்கனை ஐலீன் கூ நாலரைச் சுற்றுச் சுழன்று தங்கம் வென்றார். அங்கே தாவும் கணத்திலேயே தோள்களைத் திருப்பி, சுழற்சியைச் சாய்ந்த அச்சில் ஏற்றிக்கொண்டுதான் மேடையை விடுகிறார்கள். எனக்கு ஏரியல்ஸ்தான் அதிக வியப்பு. ஒவ்வொரு கரணத்துக்கும் இத்தனை முறுக்கு என்று பிரித்து, நடுவழியில் தொடங்கி நடுவழியில் நிறுத்துகிறார்கள். நடுவர்களும் இதை மதிக்கிறார்கள். ஒவ்வொருவரும் தரும் 10 புள்ளிகளில் எழும்பலுக்கு 2, உடல் ஒழுங்குக்கு 5, தரையிறக்கத்துக்கு 3. பிறகு நடுவர்களின் புள்ளிகளைக் கூட்டி, தாவலின் கடினத்தன்மையைக் குறிக்கும் எண்ணால் பெருக்குவார்கள். ச்சி குவாங்புவின் தாவலுக்கு அந்த எண் 5.000.

இனி தரையிறக்கம். ஒரு கணக்குப் போடலாம். நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் 70 பாகையில் கிளம்பும் ஒருவர், உச்சியிலிருந்து 15 மீட்டர் கீழே விழுவதாகக் கொள்வோம். காற்றில் மொத்தம் மூன்று நொடிக்குச் சற்று மேல். தரையைத் தொடும்போது கீழ்நோக்கிய வேகம் நொடிக்கு சுமார் 17 மீட்டர், அதாவது மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல். சமதரையாக இருந்தால் கால்கள் தாங்கா. ஆனால் இறங்குமிடம் சுமார் 38 பாகைச் சரிவு. வேகத்தின் பெரும்பங்கு சரிவோடு சேர்ந்து ஓடிவிடுகிறது. பனிக்குள் நேராக மோதும் வேகம் நொடிக்கு 10 மீட்டர் அளவுதான். 15 மீட்டர் வீழ்ச்சி, சமதரையில் ஐந்தரை மீட்டர் வீழ்ச்சிக்கு ஈடாகச் சுருங்குகிறது. அதுவும் கொடுமையான உயரமே. மீதியை வாங்கிக்கொள்ள, பணியாளர்கள் மண்வாரிகளால் அந்தச் சரிவைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கி வைக்கிறார்கள். தொலைக்காட்சி அவர்களைக் காட்டுவது அரிது. ஆனால் வீரர்களின் முழங்கால்கள் அவர்களை நம்பித்தான் இருக்கின்றன.

புதிய தாவலை யாரும் முதலில் பனியில் முயல்வதில்லை. அமெரிக்காவின் பார்க் சிட்டியில் உள்ளது போன்ற நீச்சல் குளங்களில், கோடை முழுவதும் பலகையோடும் கவசத்தோடும் தாவிப் பழகுகிறார்கள். அடியிலிருந்து காற்றுக் குமிழிகளைப் பொங்கவிட்டு நீரை மென்மையாக்குகிறார்கள். கைவீச்சு ஒரு கணம் பிந்தினால் முறுக்கு எவ்வளவு குறைகிறது என்பதை எலும்பு முறியாமல் அங்கே கற்கலாம். குளத்தில் சரிவு மட்டும் இல்லை. காலை ஊன்றி நிற்பதைப் பனிக்காலம் வந்தபின் மலையில்தான் பழக வேண்டும்.