பழைய திகதியில் பில் கேட்டு வராதீர்கள்

கார் விற்கப் போகிறவர்கள் கடைசி நேரத்தில் கராச்சுக்கு வந்து இப்போது அடிக்கடி கேட்பது இதைத்தான்: "அண்ணை, சேர்விஸ் எல்லாம் நான்தான் வீட்டிலை செய்தனான். ஒரு நாலைஞ்சு பழைய பில் எழுதித் தாங்கோவன்." போன கிழமை கேட்டவர் நன்றாகப் படித்த மனிசன். காரையும், சும்மா சொல்லக்கூடாது, நல்லபடியாகவே வைத்திருந்தார். நான் எழுதிக் கொடுக்கவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

சொந்தக் கையால் சேர்விஸ் செய்தால் காரின் விலை விழும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்த ஒளிப்பு மறைப்பு எல்லாம். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வாங்குபவர்களுக்காகக் கார் பார்த்துக் கொடுப்பவன் நான். ஒயிலை யார் மாற்றினார் என்று எனக்குக் கவலையே இல்லை. எப்போது, எத்தனை கிலோமீற்றரில், என்ன ஒயில் என்று கேட்பேன். ஆதாரம் இல்லாவிட்டால் மாற்றவே இல்லை என்று வைத்துத்தான் விலை சொல்வேன்.

"காரைப் பார்த்தாலே தெரியாதா அண்ணை?" தெரியாது. ஒயில் மூடியைத் திறந்து உள்ளே கறுப்புக் கசடு படிந்திருக்கிறதா என்று பார்க்கலாம், அவ்வளவுதான். சிவிரி (CVT) என்கிற தானியங்கிக் கியர்பெட்டியின் ஒயில் எந்த வருடம் மாற்றியது, அதற்குரிய ஒயில்தான் ஊற்றியதா என்று வெளியில் நின்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கியர்பெட்டி போனால் செலவு இலட்சங்களில். வாங்குபவர் அந்தப் பயத்தை உங்கள் விலையில்தான் கழிப்பார். நீங்கள் முதல்நாள்தான் மாற்றியிருந்தாலும் கழிப்பார்.

அப்புறம் மீற்றர். ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்ட மீற்றர் இறக்குவது இலங்கையில் புதினமில்லை. யப்பானில் ஏலத்தில் எடுத்த கார் என்றால் அங்கே ஓடிய தூரம் ஏலத் தாளில் இருக்கும். இங்கே வந்த பிறகு ஓடியதற்குச் சாட்சி, திகதியும் கிலோமீற்றரும் போட்ட பில்கள்தான். 60,000, 65,000, 70,000 என்று படிப்படியாக ஏறிவந்தால் மீற்றரை நம்பலாம். ஒரே பேனையால் ஒரே மூச்சில் எழுதிய நாலு பில்லை எங்களைப் போன்றவர்கள் கண்டுபிடித்துவிடுவோம். கண்டுபிடித்தபின் காரில் வேறு எதைச் சொன்னாலும் நம்பமாட்டோம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, சொந்தக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். இடையில் எந்தப் பழைய காரும் நல்ல விலைக்குப் போனது. இப்போது வாங்குபவர் நாலு காரைப் பார்த்துத்தான் ஒன்றை எடுக்கிறார்.

ஆகவே தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். ஒயிலும் பில்டரும் வாங்கிய கடைப் பில்லை அதில் ஒட்டி, பக்கத்தில் கிலோமீற்றரை எழுதுங்கள். கடைப் பில்லின் எழுத்து வெயிலில் மங்கிவிடும், கைபேசியிலும் படம் எடுத்து வையுங்கள். மாற்றும் அன்று மீற்றரையும் ஒரு படம். விற்கும்போது "நானே செய்தேன்" என்று நேராகச் சொல்லி, கொப்பியைக் கையில் கொடுங்கள். கம்பனி உத்தரவாதம் இன்னும் இருக்கிற கார் என்றால் மட்டும் அது முடியும்வரை சேர்விஸைக் கம்பனி முகவரிடமே விடுங்கள்.

செய்கிற வேலையையும் சரியாகச் செய்யுங்கள். றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். எங்கள் வன்னித் தண்ணீரின் குணம் உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. அதே சுண்ணாம்புதான் றேடியேற்றரின் குழாய்களையும் அடைக்கும். தண்ணீர் கலந்து விற்கிற கூலன்ற்றையே வாங்கி ஊற்றுங்கள். மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கம் கிரவல் றோட்டால் தினமும் ஓடுகிறவர்கள் எயார் பில்டரைப் புத்தகம் சொல்கிற தவணைவரை விடக்கூடாது. ஒவ்வொரு ஒயில் மாற்றத்திலும் கழற்றிப் பாருங்கள். அக்வா, பிரியஸ் வைத்திருப்பவர்கள் பின் சீற்றுப் பக்கத்தில் ஹைபிரிட் பற்றரிக்குக் காற்று இழுக்கிற துவாரத்தையும் பாருங்கள். புழுதியால் அடைபட்டுப் பற்றரி சூடேறிப்போன கார்கள் இங்கே எத்தனையோ வருகின்றன. அந்தப் பற்றரியின் உயர் அழுத்த மின்சாரம் ஓடுகிற செம்மஞ்சள் நிற வயரில் மட்டும் கைவைக்காதீர்கள். தயவுசெய்து. சிவிரி ஒயிலும் எங்களிடம் விடுகிற வேலைதான், அதன் மட்டத்தை ஒயிலின் சூட்டைப் பார்த்துத்தான் சரிபார்க்க வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே படுப்பவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை. காரைத் தாங்குகிற ஸ்ராண்ட் வையுங்கள், மணல் தரை என்றால் அடியில் தடித்த பலகை போடுங்கள்.

காட்டுகிற அன்று எஞ்சினைக் கழுவிக்கொண்டு வரவேண்டாம். கழுவினால் ஒயில் கசிவு தெரியாது, அதை மறைக்கத்தான் கழுவினீர்கள் என்று நினைப்போம். முதல்நாள் இரவு நிறுத்தியபடியே விடுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வாங்குபவரின் மெக்கானிக் வந்து ஸ்ராட் பண்ணிப் பார்க்கட்டும்.