ஏறும்போது இல்லாத வலி இறங்கும்போது ஏன்?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "தோழிகள் சேர்ந்து 30 நாள் ஸ்குவாட் (முட்டி மடக்கி உட்கார்ந்து எழும் பயிற்சி) சவால் ஆரம்பித்தோம். முதல் நாளே 50 போட்டோம். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் கடைத்தெருவுக்கு இறங்க முடியாமல் தொடை உயிர்போகிறது. ஆனால் வீட்டுக்கு ஏறி வந்துவிட்டேன்! லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டதா? தினமும் மேடு ஏறுகிற காலுக்கே இந்தக் கதியா?"

கடுமையாக உழைக்கும்போது தசையில் உருவாகும் லாக்டிக் அமிலத்தை விட்டுவிடலாம். ஓய்வெடுத்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பழைய நிலைக்கு வந்துவிடும். மூன்றாம் நாள் வலிக்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது. விஷயம் இருப்பது ஸ்குவாட்டின் கீழே இறங்கும் பாதியில்.

தசை எப்படிச் சுருங்குகிறது என்பது பள்ளியில் படித்ததுதான். தசைக்குள் இருக்கும் மயோசின் என்ற புரத இழையின் தலைகள், பக்கத்திலுள்ள ஆக்டின் இழையைப் பற்றி இழுக்கும், விடும், மறுபடி பற்றும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை நம் மலை ரயிலின் பல்சக்கரம், தண்டவாளத்தின் நடுவிலுள்ள பல்வரிசையைக் கடித்துக் கடித்து ஏறுகிறதே, அப்படி. எழும்போது முன்தொடைத் தசை செய்வது இதைத்தான்.

உட்காரும்போது? அதே தசை பிடியை விடாமல், ஆனால் நீண்டுகொண்டே போகிறது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விந்தை. சுருங்கும்போது ஒவ்வொரு பிடியையும் விடுவிக்க, செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று வேண்டும். நீளும்போதோ, பற்றியிருக்கும் தலைகளை உடலின் எடையே பிய்த்துவிடுகிறது, ஏடிபி மிச்சம். கூடவே டைட்டின் என்ற புரதமும் இழுவையில் பங்கு வாங்கிக்கொள்கிறது. 30,000 அமினோ அமிலங்களுக்கு மேல் கோத்த சங்கிலி அது. நம் உடலில் அதைவிடப் பெரிய புரதம் கிடையாது.

1952இல் இங்கிலாந்தில் அபட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூன்று ஆய்வாளர்கள் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்துச் சங்கிலியால் பிணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க வேண்டும். மற்றவர் பின்னோக்கிச் சுழலும் பெடலைத் தடுக்க வேண்டும், அதாவது அவர் தொடைத் தசை நீண்டுகொண்டே வேலை செய்யும். இருவருக்கும் விசை ஒன்றுதான். ஆனால் தடுத்தவருக்கு ஆக்சிஜன் செலவு சில மடங்கு குறைவு. சின்ன உருவமுள்ள ஒரு பெண் தடுக்க, ஆஜானுபாகுவான ஆண் மிதித்துக் களைத்துப்போன காட்சியை ராயல் சொசைட்டியில் செய்தே காட்டினார்கள். இரண்டு பழைய சைக்கிள்! இன்றைக்கு இதற்கு நிதி கேட்டுப் போனால் எந்தக் குழு கையெழுத்துப் போடும் என்று தெரியவில்லை.

சரி, இறங்குவது மலிவு என்றால் வலி ஏன்? மலிவாக இருப்பதால்தான். குறைந்த இழைகளே மொத்த பாரத்தையும் சுமக்கின்றன. அவற்றில் பலவீனமான இடங்கள் அளவுக்கு மீறி நீண்டு நுண்ணிய சேதமாகிறது. அழற்சி மெதுவாக வந்து, ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் வலி உச்சத்துக்குப் போகிறது. ரோட்டில் நடக்கும்போது முட்டி கொஞ்சம்தான் மடங்கும். ஸ்குவாட் தசையை அதைவிட வெகுதூரம் இழுக்கிறது. மேடு ஏறிய பழக்கம் உதவாமல் போனது அதனால்தான்.

பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணமும் ஸ்குவாட்தான். காதைப் பிடித்துப் போட்டால் மூளை கூர்மையாகும் என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே காதுக்கு வேலையே இல்லை, வேலை முழுக்கத் தொடைக்கு.

ஒருமுறை இப்படி அடிபட்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் அவ்வளவு சேதமாகாது. அதனால் வலி தணிந்ததும் குறைந்த எண்ணிக்கையில் தொடருங்கள். முதல் மாதத்தில் கூடும் பலம் பெரும்பாலும் தசை பருப்பதால் அல்ல, நரம்புகள் கூடுதல் இழைகளை வேலைக்கு அழைக்கப் பழகுவதால் வருவது. டேப் வைத்துத் தொடையை அளந்து ஏமாற வேண்டாம். அப்புறம், தொடை வீங்கிச் சிறுநீர் பழுப்பாகப் போனால் அது சாதாரண வலி அல்ல. சிதைந்த தசையிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.