ஊசியால் வந்த இழுப்பா?

"போன வருஷம் ஃப்ளூ ஊசி போட்ட நாலாம் நாளே இழுப்பு வந்து ஆஸ்பத்திரியில படுத்தேன். இனி அந்தப் பேச்சே வேண்டாம்." சிஓபிடி எனும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோடு வாழும் முதியவர்கள் பலர் இப்படிச் சொல்வதுண்டு. இழுப்பு வந்தது உண்மைதான். ஆனால் இந்த நோயில் ஊசி போடாத மாதங்களிலும் இழுப்பு வருமே!

கையில் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. பெரும்பாலும் கோழி முட்டையில் வளர்த்த வைரஸை ரசாயனத்தால் செயலிழக்கச் செய்து, உடைத்து, புரதங்களைப் பிரித்தெடுக்கிறார்கள். அந்தப் புரதம் நுரையீரலுக்குள் பெருகாது, ஃப்ளூவைத் தராது. கை வலியும் ஓரிரு நாள் காய்ச்சலும் நோயெதிர்ப்பு மண்டலம் விழித்துக்கொண்டதன் அறிகுறி. எதிர்ப்பு சக்தி உருவாகச் சுமார் இரண்டு வாரம் ஆகும். அதற்குள் வெளியிலிருந்து கிருமி தொற்றினால் பழி ஊசி மேல் விழும்.

தற்செயல் எது, ஊசியின் விளைவு எது என்று பிரித்துப் பார்க்க வழி உண்டு. பாங்காக்கில் 1997-98இல் 125 சிஓபிடி நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஃப்ளூ தடுப்பூசி, மீதிப் பேருக்கு வைட்டமின் பி1 ஊசி போட்டார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஊசி போட்ட இடத்தில் வலி, வீக்கம் போன்றவை தடுப்பூசிக்காரர்களில் 27 சதவீதம், மற்றவர்களில் 6 சதவீதம். மூச்சுத்திணறலிலோ நுரையீரல் திறனிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஃப்ளூவால் வந்த சுவாச நோயோ, ஆண்டுக்கு நூறு பேரில் 28.1இலிருந்து 6.8 ஆகக் குறைந்தது. கை வலிக்கு இது நல்ல பேரம் என்பேன்.

125 பேர் சிறிய கூட்டம்தான். லட்சத்தில் ஒருவருக்கு வரும் பாதிப்பு இதில் சிக்காது. அதற்குப் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த பிறகும் கண்காணிக்க வேண்டும். 2023இல் அமெரிக்காவில் 60 வயதைக் கடந்தவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட, ஆர்எஸ்வி எனும் சுவாச வைரஸுக்கு எதிரான தடுப்பூசிகளில் அதுதான் நடந்தது. கில்லன்-பாரே எனும் நரம்புப் பாதிப்பு, பத்து லட்சம் டோஸுக்குச் சுமார் 7 முதல் 9 பேருக்குக் கூடுதலாக வருவது பின்னரே தெரிந்தது. 2025 ஜனவரியில் அந்த எச்சரிக்கையை மருந்துக் குறிப்பிலும் சேர்த்தார்கள்.

கடும் காய்ச்சலோ இழுப்போ இருக்கும்போது ஊசியைத் தள்ளிப்போடலாம். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த உயிரற்ற ஊசிகளால் ஆபத்து இல்லை, பலன் மட்டும் சற்றுக் குறையலாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் அதை நர்ஸிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். மெல்லிய ஊசியால் போட்டு, தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிப்பார்கள்.