ஷெட்டில் நின்ற ஜீப்புக்கு என்ன ஆகிறது?

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டத்து ஷெட்டில் பதினோரு வருடம் நின்ற மஹிந்திரா ஜீப் அது. லாரியில் ஏற்றி, கன்னங்குறிச்சியில் என் வீட்டுக் கொல்லைப் பக்கம் இறக்கினோம். விற்ற பெரியவர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: “ஒரு சொட்டு மழை இது மேல பட்டதில்லீங்க.” அவர் பொய் சொல்லவில்லை. ஷெட்டின் தகரக் கூரையில் ஒரு பொத்தல்கூடக் கிடையாது. ஆனாலும் சேஸிஸில் விரல் நுழையும் அளவுக்கு மூன்று ஓட்டை. இன்ஜின் ஒரு நூல்கூட அசையவில்லை. பிரேக் பெடல் கல் மாதிரி நின்றது.

மழையே படாத வண்டி எப்படி இந்தக் கதிக்கு வந்தது? ஒன்றரை வருடம் ஞாயிறுதோறும் கழற்றிக் கழற்றித்தான் அதற்கு விடை தெரிந்தது.

இரும்பு துருப்பிடிக்க மழை தேவையில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உட்கார்ந்துவிடும், துருவுக்கு அது போதும். சேர்வராயன் மலையில் மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே நடமாடும். இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. இன்ஜின், கியர்பாக்ஸ், ஹவுசிங் எல்லாம் கனத்த வார்ப்புகள். ராத்திரி குளிரை வாங்கி வைத்துக்கொண்டு, காலையில் வெயில் வந்த பிறகும் மெதுவாகத்தான் விடும். அதற்குள் வெதுவெதுப்பான ஈரக்காற்று வந்து படும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பது போலக் குளிர்ந்த இரும்பும் வியர்க்கும். ஓடுகிற வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு. தினமும் சூடாகி உள் ஈரத்தை விரட்டிவிடும், எண்ணெயும் எல்லா இடத்திலும் புதிதாகப் பூசப்படும். நின்ற வண்டிக்கு இந்த இரண்டும் கிடையாது. பதினோரு வருடம், தினம் ஒரு வியர்வை என்று கணக்குப் போட்டால் நாலாயிரம் தடவை.

சரி, ஓட்டை ஏன் குறிப்பிட்ட மூன்று இடத்தில் மட்டும்? மூன்றுமே சேறு அப்பிக் காய்ந்து கிடந்த மூலைகள். சேறு இரும்பை மூடித்தானே வைத்திருந்தது, அது பாதுகாப்பு ஆகாதா? ஆகாது, நேர்மாறு. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த விஞ்ஞானி யூலிக் ஈவான்ஸ் 1920களில் ஒரு உப்புத் தண்ணீர்த் துளியை இரும்புத் தகட்டின் மேல் வைத்தே இதைக் காட்டினார். துளியின் ஓரத்தில் காற்று தாராளமாகக் கிடைக்கிறது, நடுவில் கிடைப்பதில்லை. காற்று குறைந்த நடுப்பகுதியில் இரும்பு எலெக்ட்ரான்களை விட்டுவிட்டுக் கரைகிறது. அந்த எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியாக ஓரத்துக்குப் போய், அங்கே ஆக்ஸிஜனோடும் தண்ணீரோடும் வினைபுரிகின்றன. ஒரு துளிக்குள்ளேயே ஒரு குட்டி பேட்டரி. ஈரச் சேற்றுக்கு அடியில் நடப்பதும் இதுதான். காற்றுக்கு ஏங்கும் இரும்பு அரிக்கப்படுகிறது, காற்று படும் பக்கத்து இரும்பு தப்பிக்கிறது. அதனால் மலைவண்டி வைத்திருப்பவர்கள் மேலே பாலிஷ் போடுவதை விட்டுவிட்டு முதலில் அடியில் பைப்பைப் பிடித்துச் சேற்றைக் கழுவலாம்.

இன்ஜினுக்கு வருவோம். இது பீஜோ டீசல் இன்ஜின், நாலு சிலிண்டர், 2,112 சிசி. ஹெட்டைக் கழற்றியதும் எனக்கு ஆச்சரியம். ஒன்றும் இரண்டும் பளபளவென்று இருந்தன. மூன்றாவதில் லேசான துரு. நான்காவது செம்மண் பூசிய மாதிரி. ஒரே இன்ஜின், ஒரே ஷெட், ஒரே பதினோரு வருடம். ஏன் இந்த ஓரவஞ்சனை?

கடைசியாக இன்ஜினை அணைத்த நொடியில்தான் விடை இருக்கிறது. இந்த இன்ஜின் எரியும் வரிசை 1-3-4-2. எப்போது நிறுத்தினாலும் ஒரு சிலிண்டர் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும், ஒன்று அழுத்திக்கொண்டிருக்கும், ஒன்று எரிந்து தள்ளும், ஒன்று புகையை வெளியே விடும். முதல் சிலிண்டர் அழுத்தும் கட்டத்தில் நின்றால் மூன்றாவது இழுக்கும் கட்டத்திலும் நான்காவது புகைவிடும் கட்டத்திலும் இருக்கும். அதாவது மூன்றில் இன்லெட் வால்வு திறந்திருக்கும், நான்கில் எக்ஸாஸ்ட் வால்வு. ஒன்றிலும் இரண்டிலும் எல்லா வால்வும் மூடி, டப்பா போல. மூன்றாவதுக்கு ஏர் ஃபில்டர் வழியாகத்தான் மலைக்காற்று வரவேண்டும். நான்காவதுக்கோ சைலன்சர் பாதியில் உடைந்து தொங்கியதால் நேர்வழி. அந்த நாள் டிரைவர் அரை நொடி தாமதித்துச் சாவியைத் திருப்பியிருந்தால் வேறு சிலிண்டர்கள் துருப்பிடித்திருக்கலாம்.

துரு வெறும் அழுக்கு என்றால் துடைத்துவிடலாம். இரும்பு துருவாக மாறும்போது பருத்து, இருந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருக்கிற மயிரிழை இடைவெளியில் அந்த இடம் எங்கே இருக்கிறது? அதனால்தான் இறுக்கம். மரையில் துருப்பிடித்த போல்ட் அசையாததற்கும் இதே காரணம்.

நான் சுத்தியலை எடுத்துவிட்டேன். பக்கத்துத் தெரு லேத் பட்டறை அண்ணன்தான் தடுத்தார். “அடிச்சா பிஸ்டன் மண்டை போயிரும் தம்பி. ஊற வைங்க, ஊறட்டும்.” டீசலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றுகிற ஏடிஎஃப் எண்ணெயும் பாதிப் பாதி கலந்து சிலிண்டரில் ஊற்றினோம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதற்குக் காரணமான நுண்துளைக் கவர்ச்சிதான் இங்கேயும் வேலை செய்கிறது. இடைவெளி எவ்வளவு குறுகலோ அவ்வளவு பிடிவாதமாக எண்ணெய் உள்ளே போகும், ஆனால் நேரம் எடுக்கும். கெட்டியான இன்ஜின் ஆயில் இதற்கு உதவாது. தண்ணியாக ஓட வேண்டும், இரும்போடு ஒட்டிப் படரவும் வேண்டும். மூன்று வாரம் ஊறியது. பிறகு கிராங்கில் ஸ்பேனர் மாட்டி, நாலடி பைப்பைச் செருகி, முன்னுக்கும் பின்னுக்குமாக மெல்ல ஆட்டினேன். ஒரு சாயங்காலம் ‘டக்’ என்றது. கால் அங்குலம் நகர்ந்தது. என் வீட்டில் அன்றைக்குப் பாயசம்.

பிடிவாதமான நட்டுகளுக்கு வேறு வைத்தியம். 12 மில்லிமீட்டர் அகல நட்டை 300 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் அது விரிவது சுமார் 0.04 மில்லிமீட்டர், தலைமுடியில் பாதித் தடிமன். துருப் பிடிப்பை உடைக்க அது போதும். நட்டை மட்டும் சூடாக்க வேண்டும், போல்ட்டும் சேர்ந்து விரிந்தால் வேலை கெட்டது.

சின்னச் சின்னப் பாகங்களின் துருவுக்கு மின்சாரத்தைக் கூப்பிட்டேன். பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சலவைச் சோடா. பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் கம்பியைத் துருப்பிடித்த பாகத்தில் மாட்ட வேண்டும், பாசிட்டிவை ஒரு பழைய இரும்புத் துண்டில். இரும்பு எலெக்ட்ரானை இழந்துதான் துருவானது, இப்போது வலுக்கட்டாயமாக எலெக்ட்ரானைத் திருப்பி ஊட்டுகிறோம். பாகத்தைச் சுற்றி நுரை நுரையாகக் குமிழ் வரும், அது ஹைட்ரஜன். மூடிய அறையில் செய்தால் ஒரு தீப்பொறி போதும், எனவே வெட்டவெளியில்தான். மறுநாள் காலை எடுத்தால் சிவப்பு போய்க் கறுப்புச் சேறாக நிற்கும், பிரஷ்ஷால் தேய்த்தால் வந்துவிடும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை அந்தக் கறுப்பில் வைத்துப் பார்த்தேன். மீசை மீசையாக ஒட்டிக்கொண்டது. சிவப்புத் துரு அப்படி ஒட்டாது. சிவப்பில் ஒரு பகுதி மேக்னடைட் என்ற, காந்தத்தில் ஒட்டும் கறுப்பு இரும்பு ஆக்ஸைடாக மாறியிருக்கிறது. சேலத்துக்கு மேற்கே கஞ்சமலையில் கிடப்பதும் அதே மேக்னடைட்தான். 1830களில் ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்துச் சேலத்துத் தாதுவை உருக்கினார். மலையில் தாதுவாகக் கிடந்த பொருளே கொல்லையில் என் டிரம்முக்குள் மிதந்தது.

ஒரு எச்சரிக்கை. சேலத்தில் எவர்சில்வர் துண்டுகள் சுலபமாகக் கிடைக்கும், துருப்பிடிக்காதே என்று அதைப் பாசிட்டிவில் மாட்டத் தோன்றும். மாட்டாதீர்கள். அதைத் துருவிலிருந்து காப்பதே குறைந்தது 10.5 சதவீதம் இருக்கும் குரோமியம்தான். மின்சாரம் பாய்ந்தால் அந்தக் குரோமியம் கரைந்து நச்சான வடிவத்தில் தண்ணீருக்கு வரலாம். ஸ்பிரிங் பட்டை போன்ற உறுதியூட்டிய எஃகையும் இதில் போடக்கூடாது. ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, பிற்பாடு பாரம் ஏறும்போது ஒடிந்துவிடும்.

டேங்கில் டீசல் அடியில் தண்ணீர் தங்கி, இரண்டும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் குடித்தனம் நடத்தியிருந்தன. வொயரிங் எலிக்குச் சமர்ப்பணம். ரப்பர் எல்லாம் புதுசு. இவற்றைப் பற்றிப் பேச அதிகம் இல்லை.

நான்காம் சிலிண்டருக்காக மொத்த பிளாக்கையும் போர் அடித்து, அதாவது சிலிண்டர்களைக் கடைந்து அகலமாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, ஒரு மார்கழிக் காலையில் ஏற்காட்டுக்கு விட்டோம். இருபது கொண்டை ஊசி வளைவு. ஆசையில் ஃபோர் வீல் லிவரைப் போட்டுவிட்டேன். ஐந்தாவது வளைவில் ஸ்டியரிங் முரண்டு பிடித்தது, டயர் கீச்சிட்டது. தப்பு வண்டியில் இல்லை. வளைவில் பின் சக்கரங்கள் 6 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், அச்சுகளுக்கு நடுவே 2.3 மீட்டர் உள்ள ஜீப்பில் முன் சக்கரங்கள் சுமார் 6.4 மீட்டர் ஆரத்தில் சுற்ற வேண்டும். அரைவட்டம் முடிவதற்குள் முன்பக்கம் ஒன்றேகால் மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டியிருக்கிறது. ஆனால் இன்ஜின் விசையை முன் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இந்தப் பழைய டிரான்ஸ்ஃபர் கேஸ் முன்னையும் பின்னையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடும். சேற்றில் டயர் வழுக்கிக் கணக்கை நேர்செய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க முடியாது, அந்த முறுக்கு எல்லாம் ஷாஃப்ட்டிலும் பல்லிலும் ஏறும். லிவரைப் பிடுங்க வரவில்லை. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்ததும் முறுக்கு தளர்ந்து தானாக விழுந்தது.

இறங்கும்போது கணக்கு பிரேக்கின் தலையில். ஆளோடு சேர்த்து 1,400 கிலோ வண்டி சுமார் 1,200 மீட்டர் கீழே இறங்குகிறது. அந்த ஆற்றல், ஐம்பது லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. ஒரே வேகத்தில் இறங்கினால் அத்தனையும் எங்காவது வெப்பமாகத்தான் போக வேண்டும். எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று மலை டிரைவர்கள் சொல்வது, அந்த வெப்பத்தில் பெரும்பங்கை இன்ஜினிடம் தள்ளிவிடத்தான். மிச்சம் பிரேக் டிரம்முக்கு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரி வரை கொதிக்காது. 4 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் சேர்ந்தாலே அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி. திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். பெடல் பலகை வரை போகும், வண்டி நிற்காது. அதே தண்ணீர்தான் ஷெட்டில் நின்ற காலத்தில், சக்கரங்களில் பிரேக் கட்டையைத் தள்ளும் வீல் சிலிண்டர்களை அரித்து, அவற்றின் பிஸ்டனை இறுக்கி, பெடலைக் கல்லாக்கியது. நான்கையும் பிரித்து, தேய்த்து, புது ரப்பர் போட்டிருந்தேன்.

இரண்டாவது கியரிலேயே இறங்கி, அடிவாரத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோனேன், தொடாமல். முன்னால் இரண்டும் அனல். பின் வலதும் நல்ல சூடு. பின் இடது மட்டும் தொட்டாலும் சுடவில்லை, காலையில் கிளம்பிய மாதிரியே இருந்தது. அந்தச் சக்கரம் இருபது வளைவிலும் சும்மா உருண்டுதான் வந்திருக்கிறது. அரிப்பு லேசாகத்தான் இருக்கிறது என்று நான் தேய்த்து மறுபடி மாட்டிய வீல் சிலிண்டர் அது. வீட்டுக்கு வந்ததும் ஜாக்கியைப் போட்டேன்.