ஆத்தங்குடித் தரையில் நகரும் டிரம்

காரைக்குடி என்றதும் தாளப் பிரியர்களுக்கு நினைவுக்கு வருவது 1945-ல் பிறந்த மிருதங்க வித்வான் காரைக்குடி மணி. எங்கள் அண்ணன் மகனுக்கோ டிரம்ஸ் மேல்தான் ஆசை. வாங்கி வந்து பட்டாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், போட்டான். கால் மணி நேரம் வாசித்திருப்பான், காலால் பெடலை மிதித்து அடிக்கும் பெரிய பேஸ் டிரம் ஒரு சாண் முன்னால் போயிருந்தது.

எங்கள் தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல் வார்த்துச் செய்வார்கள். அதனால் அதன் முகம் அத்தனை வழவழப்பு. பெடலை மிதிக்க மிதிக்க டிரம் முன்னால் தள்ளப்படுகிறது. பிடித்து நிறுத்தத் தரையில் உராய்வு போதவில்லை. இவன் டிரம்மை இழுத்து வைக்காமல், ஸ்டூல் நுனிக்கு நகர்ந்து, காலை நீட்டி, கூன் போட்டுக்கொண்டே வாசித்தான். மறுநாள் இடுப்பு வலி.

டிரம்ஸில் ஒரு சங்கடம் உண்டு. இரண்டு காலுக்கும் பெடலில் வேலை இருப்பதால் காலை ஊன்றி உடம்பைத் தாங்க முடியாது. பாரம் முழுக்க உட்காரும் எலும்பில்தான் இறங்க வேண்டும். ஸ்டூல் தாழ்வாக இருந்தால் இடுப்பெலும்பு பின்னால் சரியும், கீழ்முதுகின் இயல்பான வளைவு போய்விடும், முதுகெலும்பின் இடையிலுள்ள வட்டுகளின் முன்பக்கம் நசுங்கும். தலையே சுமார் 5 கிலோ இருக்கும். அது தோளுக்கு நேர் மேலே நின்றால் பெரும்பாலும் எலும்பு சுமக்கும். முன்னால் போனால் கழுத்துத் தசைதான் விடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரத்தில் இருந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

அப்புறம் குச்சி. இவன் அதை இறுக்கிப் பிடித்து அடிப்பதைப் பார்த்த அப்பத்தா, "உலக்கையை யாராச்சும் அமுக்குவாகளா? தூக்கி விடு, தானா விழும்" என்றார். அதே கணக்குத்தான். ஆனால் உரலில் விழுந்த உலக்கை அங்கேயே நிற்கும், இழுத்துக் கட்டிய தோல் குச்சியைத் திருப்பி எறியும். அடிப்பக்கத்திலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தளர்வாகப் பிடித்துக் குச்சியைத் தோல் மேல் விழ விடுங்கள்: டக், டக்டக், டர்ர்ர் என்று தானாகத் துள்ளும். இறுக்கிப் பிடித்தால் ஒரே 'டப்'. துள்ளலின் ஆற்றலை உள்ளங்கை விழுங்கிவிட்டது; அடுத்த அடிக்குக் குச்சியை நாமேதான் தூக்க வேண்டும்.

சத்தம் வேண்டுமே என்றால், அதற்கும் இறுக்கம் உதவாது. குச்சி நுனியின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். வேகம் எடுக்க மணிக்கட்டு தாராளமாகச் சுழல வேண்டும். இறுக்கிப் பிடிக்கும்போது விரலை மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்க, கை கட்டையாகிவிடும்.

மணிக்கட்டில் ஒரு குறுகலான வழி இருக்கிறது. 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்தான் போக வேண்டும். மணிக்கட்டை மடக்கியபடி இறுக்கிப் பிடித்தால் உள்ளே அழுத்தம் கூடி, நரம்பு நசுங்கி, விரல் மரத்துப்போகும். மரத்துப்போவது தொடர்ந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போவதுதான் சரி.

டிரம்மை நிறுத்தக் கடைசியில் ஒரு ஜமக்காளத்தை விரித்து, டிரம், ஸ்டூல் இரண்டையும் அதன் மேலேயே வைத்தோம். இப்போது அவன் எடையே ஜமக்காளத்தை அமுக்கிப் பிடிக்கிறது. டிரம் நகர வேண்டுமானால் அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். அப்பத்தாவுக்குத்தான் கோபம். அது அவர் கல்யாணத்துக்கு வந்த ஜமக்காளம்.