ஊசிக்காகக் காத்திருப்பதில்லை புற்றுநோய்

பயாப்சி, அதாவது திசுவை எடுத்துப் பார்க்கும் சோதனை, என்றதுமே பலரும் கேட்பது இதுதான்: "கட்டியில் ஊசி குத்தினால் பரவிடாதா டாக்டர்?" ஊசித் தடத்தில் செல்கள் சிந்துவது அரிது. அந்த ஆபத்தைத் தவிர்க்க வேண்டிய இடங்களில், உதாரணமாக விந்தகக் கட்டியில், நாங்களே ஊசி போட மாட்டோம். மற்றபடி, பரவுவதற்கான கருவி புற்றுநோயின் கையிலேயே இருக்கிறது.

மார்பகக் குழாயோ குடலோ, உட்பூச்சுச் செல்களுக்கு அடியில் அடித்தளச் சவ்வு என்று மெல்லிய விரிப்பு ஒன்று உண்டு. அதன் முக்கிய இழை நான்காம் வகை கொலாஜன் என்ற புரதம். ரத்தக் குழாய்கள் அதற்கு அந்தப் பக்கம். சவ்வைத் தாண்டாதவரை புற்றுச் செல்லுக்கு வெளியூர்ப் பயணம் கிடையாது.

தாண்ட உதவுபவை மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ் என்ற நொதிகள், சுருக்கமாக எம்எம்பி. துத்தநாகம் இல்லாமல் இவை இயங்காது. நம் உடலில் 20க்கும் மேல் உண்டு. எம்எம்பி-2, எம்எம்பி-9 இரண்டும் அந்த நான்காம் வகை கொலாஜனைச் சிதைப்பவை. இவற்றைப் புற்றுநோய் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இக்குடும்பத்தின் முதல் நொதி 1962இல் தெரியவந்தது தலைப்பிரட்டையின் வாலில். வாலைக் கரைப்பது அதன் வேலை. நமக்குப் புண் ஆறவும் இவை வேண்டும். பூட்டிய நிலையில்தான் உருவாகும், வேலை முடிந்ததும் அடக்குவதற்குத் தனிப் புரதங்களும் உண்டு. கட்டிக்குள் அந்தக் கட்டுப்பாடு குலைகிறது. இன்னொரு வேடிக்கை: நொதியில் பெரும்பங்கை அக்கம்பக்கத்து நல்ல செல்களைத் தூண்டிவிட்டே சுரக்க வைக்கிறது புற்றுநோய். வீட்டுக்காரர் கையாலேயே கதவைத் திறக்கவைக்கும் திருட்டு.

சரி, நொதியைத் தடுத்தால் போதுமே? 1990களில் மாரிமாஸ்டாட் என்ற மாத்திரையைச் சோதித்துப் பார்த்தார்கள். மூட்டுவலி வந்ததே தவிர, எதிர்பார்த்த பலன் இல்லை. பெரும்பாலும் நோய் முற்றியவர்களுக்கே கொடுக்கப்பட்டது. வேலி உடைந்த பிறகு பூட்டு. தவிர, எம்எம்பிகளில் கட்டியைக் கட்டுப்படுத்துபவையும் உண்டு. மாத்திரை எல்லாவற்றையும் சேர்த்தே தடுத்தது.

ஆகவே நுண்ணோக்கியில் நான் முதலில் தேடுவது அந்தச் சவ்வைத்தான். ரிப்போர்ட்டில் புற்றுநோயைக் குறிக்கும் 'கார்சினோமா' என்ற சொல்லைப் பார்த்ததுமே உடைந்து அழுத ஒருவரிடம், பின்னால் இருந்த 'இன் சிட்டு'வையும் படிக்கச் சொன்னேன். சவ்வு உடையவில்லை என்று அர்த்தம். சில சமயம் ஊசியில் வந்த துணுக்கில் தெரியாத உடைப்பு, அறுவைக்குப் பின் முழுக் கட்டியில் தெரியும், அதையும் சொல்லிவைத்தேன். ஸ்கேன் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அந்தச் சவ்வு அதில் தெரியாது. திசுவை எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.