தீனி தீர்ந்த பிறகு குட்டி என்ன செய்கிறது?

நான்கு மாத லாப்ரடார் நாய்க்குட்டி ஒன்றை ஒருநாள் என் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். அதன் நாக்கு ஒரு ரப்பர் பந்தின் துளைக்குள் மாட்டி, கருநீலமாக வீங்கியிருந்தது. பந்துக்குள் தீனியை அடைத்துக் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் வேலையைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்; இந்தப் பொம்மைகளை எல்லோரும் வாங்குவதே அதற்காகத்தான். ஆனால் அந்தப் பந்தில் ஒரே ஒரு துளைதான் இருந்தது. தீனி தீர்ந்த பிறகும் குட்டி நக்கிக்கொண்டே இருக்க, உள்ளே காற்று குறைந்து பந்து நாக்கை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது. மயக்க மருந்து கொடுத்து, பந்தின் மறுபக்கத்தில் துளையிட்டுக் காற்றை விட்ட பிறகுதான் நாக்கு வெளியே வந்தது. நாக்கு பிழைத்தது என்றாலும், இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் எப்படியோ.

அன்றிலிருந்து, "எந்தப் பொம்மை நல்லது, டாக்டர்?" என்று யாராவது கேட்டால், தீனி தீர்ந்த பிறகு உங்கள் குட்டி அதை என்ன செய்கிறது என்று திருப்பிக் கேட்கிறேன். தீனி உள்ளே இருக்கும்வரை எல்லாப் பொம்மைகளும் நல்ல பிள்ளைகள்தான்.

தீனி அடைக்கும் ரப்பர் பொம்மைகளில் மூத்தவற்றில் ஒன்று காங் (Kong). 1970களில் அமெரிக்கரான ஜோ மார்க்கம் உருவாக்கியது. அவருடைய ஜெர்மன் ஷெப்பர்டு நாய் கல்லைக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்டிருந்ததாம். வேனிலிருந்து கழற்றிய ஒரு ரப்பர் பாகம் கிடைத்ததும் கல்லை விட்டுவிட்டதாம். காங்கில் கீழே பெரிய துளை, மேலே சிறிய துளை என இரண்டு இருப்பதால் காற்று போய்வரும். குட்டிகளுக்கென்று மென்மையான ரப்பரில் தனியாக வருகிறது. சிவப்பு வளர்ந்த நாய்க்கு, கறுப்பு முரட்டுக் கடிக்கு. "நீண்ட நாள் உழைக்கும்" என்று கறுப்பை வாங்கிக் குட்டிக்குக் கொடுப்பவர்கள் நிறைய. குட்டியின் வாயில் இருப்பவை 28 பால் பற்கள்; நான்காம் மாத வாக்கில் விழத் தொடங்கி, ஆறு, ஏழு மாதத்துக்குள் நிரந்தரப் பற்கள் வந்துவிடும். அதுவரை கட்டை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதியாத பொம்மை குட்டிக்கு வேண்டாம்.

காங்கின் குறை அதன் குறுகலான வயிறு. கழுவுவது பெரும்பாடு, இறுக்கி அடைத்தால் புதுக் குட்டி ஐந்து நிமிடத்தில் கைவிட்டுவிட்டு நாற்காலிக் காலைத் தேடிப் போகும். அதனால் எட்டு வாரக் குட்டிக்கு நான் முதலில் சொல்வது டாப்பிள் போன்ற, வாய் அகன்ற கிண்ண வடிவப் பொம்மையைத்தான். சீக்கிரம் தீர்ந்துவிடும், உண்மைதான். ஆனால் முயன்றால் கிடைக்கும் என்று குட்டி கற்றுக்கொள்வது அதில்தான். பிறகு ஈர உணவை அடைத்து, ஃப்ரீசரில் லேசாக உறைய வைத்து நேரத்தைக் கூட்டலாம். பல் முளைக்கும் ஈறுக்கும் அந்தக் குளிர்ச்சி இதமாக இருக்கும்.

நக்குவதற்கான சிலிகோன் விரிப்பு குட்டியை அமைதிப்படுத்தும். நகம் வெட்டும்போது அதுவே என் துணை. நக்கி முடித்ததும் ஓரத்தைக் கடிக்கத் தொடங்கும், அப்போதே எடுத்துவிட வேண்டும். உருட்டினால் உலர் உணவைச் சிந்தும் பந்துகள் ஓடியாடும் குட்டிக்கு ஏற்றவை, கோரைப் பற்களைத் தாண்டி வாய்க்குள் போகாத அளவாக இருந்தால். துணியிலும் கயிற்றிலும் தீனியை ஒளித்து வைக்கும் பொம்மைகளை மட்டும் ஆள் அருகில் இல்லாமல் கொடுக்காதீர்கள். விழுங்கிய நூல் குடலைச் சுருக்குப் பைபோல இழுத்துவிடும். அந்த அறுவைச் சிகிச்சையை விரும்பிச் செய்யும் மருத்துவர் எவரும் இல்லை.

அடைக்கும் தீனி அன்றைய உணவுப் பங்கிலிருந்தே வர வேண்டும். கூடுதல் தின்பண்டம் நாளின் கலோரியில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பீனட் பட்டர் தடவுகிறவர்கள் லேபிளைப் படியுங்கள். சைலிட்டால் என்ற இனிப்பு இருந்தால் அரை மணி நேரத்திலேயே நாயின் இரத்தச் சர்க்கரை சரியலாம், கல்லீரலும் பழுதாகலாம். திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், வெங்காயம் எதுவும் கூடாது.

இன்னொன்றும் அடிக்கடி பார்க்கிறேன். வீட்டில் ஆள் இல்லாதபோது பொம்மை தொடப்படாமலே கிடக்கும். வாசல் திறந்ததும் குட்டி அதன்மேல் பாய்ந்து தின்னும். "பிடிவாதம்" என்பார்கள். பயந்த நாய்க்குத் தீனி இறங்காது. அது தனிமையைத் தாங்காமல் தவித்திருக்கிறது. இன்னும் சுவையான தீனியைத் தேடுவதைவிட, சில நிமிடங்களிலிருந்து தொடங்கித் தனிமையைப் பழக்க வேண்டும். மாலையில் கண்டதையெல்லாம் கடிக்கும் குட்டிக்கோ பெரும்பாலும் தேவைப்படுவது பொம்மையே அல்ல, தூக்கம்.

அந்த லாப்ரடார் ஆறு மாதத்தில் மீண்டும் வந்தது. இப்போது அகன்ற வாய்ப் பொம்மைதான், ஆனால் ஓரத்தை மென்று துண்டாக்கியிருந்தது. துண்டுகளை மேசையில் ஒட்டவைத்துப் பார்த்தோம், ஒன்று குறைந்தது. ரப்பர் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெளிவாகத் தெரியாது. குட்டி துள்ளலாக இருந்ததாலும் துண்டு சிறியது என்பதாலும், வாந்தி எடுத்தாலோ உணவை மறுத்தாலோ உடனே வாருங்கள், மலத்தையும் பார்த்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் அலைபேசிக்குப் படம் வந்தது. காணாமல் போன துண்டுதான். நான் அப்போது மதிய உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.